பெரட்டுக் கொம்பு

கொம்பின் வாய் ஈரமாக இருந்தது.

கண்ணாடி அலுமாரியைத் திறந்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியோடு கையை உள்ளே விட்ட சுதர்ஷினி முதலில் அதை எண்ணெய்ப் பிசுக்கு என்றுதான் நினைத்தாள். விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் வாயில் வைத்து ஊதிவிட்டுத் திரும்ப வைத்த மாதிரி எச்சில் ஈரம். அலுமாரிச் சாவி எப்போதும் சமையல்கார அப்புவின் இடுப்பில் கிடப்பது; அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நேராக இங்கேதான் வந்திருந்தாள். பங்களாவில் அவளும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் அப்புவும் தவிர ஈ காக்கை கிடையாது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். மண் வாடை அடித்தது. தேயிலை வேருக்கும் கீழே, வெயிலே காணாத ஆழத்தில் கிடக்கும் களிமண்ணின் புளித்த வாடை. கார்த்திகை மழையில் மலை சரிந்த நாளிலிருந்து அந்த வாடை அவள் தலைமுடியிலேயே குடியிருந்தது.

துடைத்தாள். மறுபடியும் ஈரம் கசிந்தது.

பொகவந்தலாவை பஜாரிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிற கூனிமலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா அது. இப்போது சுற்றுலாக்காரர்கள் வந்து தங்கிப்போகும் விடுதி. விடுதியை நடத்துகிற கொழும்பு முதலாளிக்குப் பழைய சாமான் என்றால் உயிர், அதிலும் கொம்புச் சாமான் என்றால் சாப்பாடு தண்ணி வேண்டாம். துப்பாக்கி மருந்து போட்டு வைத்த மாட்டுக் கொம்பு, வெள்ளி மூடி போட்ட மூக்குப்பொடி டப்பி, மான் கொம்பில் பிடி போட்ட கத்தி, எந்தக் காலத்துத் துரைசானியோ தலை சீவிய சீப்பு. அந்தச் சீப்பின் பல்லிடுக்கில் ஒரு செம்பட்டை முடி இன்னும் சிக்கிக் கிடந்தது. முதலாளி அதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். இவற்றுக்கெல்லாம் நடுவில், சிவப்பு வெல்வெட்டின்மேல் சாமி மாதிரி வீற்றிருந்தது பெரட்டுக் கொம்பு. கிழட்டு எருமையின் கொம்பு. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். ஊதுகிற வாயில் வெள்ளிப் பூண் போட்டிருந்தது.

எண்ணெய் காட்டாவிட்டால் கொம்பு வெடித்துவிடும். கொம்பும் நகமும் ஒரே சாதி என்பார் அப்பு. தேய்க்கத் தேய்க்க அது சூடேறும், சூடேறினால் முடி கருகிய வாடை லேசாக வரும். எப்போதோ செத்த மாடு இத்தனை காலம் கழித்தும் உடம்பு வாடையை விடாமல் வைத்திருப்பது சுதர்ஷினிக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் விடியும் முன்னே இந்தக் கொம்பைத்தான் ஊதுவார்களாம். ஊதினால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு காம்பரா அறையிலிருந்தும் ஆள் இறங்கி வந்து, பங்களாவுக்குக் கீழே இருக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை அன்றைய கூலிக் கணக்கில் பேர் போட்டு, வேலை பிரித்து, மலைக்கு அனுப்புவார். காய்ச்சல், பேதி, பிள்ளைப்பேறு எதுவும் கொம்புக்குத் தெரியாது. வர முடியாதவருக்குப் பதிலாக அதே காம்பராவிலிருந்து இன்னோர் ஆள் வந்து நிற்கலாம். நின்றால் மற்றவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். சுற்றுலாக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது அப்பு செபஸ்தியாம்பிள்ளை கடைசியில் ஒன்று சேர்ப்பார். ஒருமுறை பேதி வந்து லயமே காலியான பிறகும், கொம்பு ஊதியதும் வரிசை நிறைந்துதான் இருந்ததாம். வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். அப்பு சிரிக்க மாட்டார். யாராவது ஊதிப்பார்க்கக் கேட்டால் சாவி தொலைந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொல்வார். ஊதுகிறவனுக்கு வரிசையில் இடம் கிடையாது, அவன் எதிரில் தனியாக நிற்க வேண்டும், அது பாவப்பட்ட இடம் என்பார்.

ஆள் மாற்றி நிற்கிற பழக்கம் இப்போதும் அடியோடு போய்விடவில்லை. சுதர்ஷினி கொழுந்து பறித்த காலத்தில், சின்னவள் வயிற்றில் இருந்தபோது ஒரு காலை அவளால் தலை தூக்க முடியவில்லை. புருஷன் சுதாகரன், பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றும் முரட்டுப் படங்கை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு பெரட்டில் போய் நின்றான். மீசையும் படங்குமாய் நின்றவனைப் பார்த்துக் களமே சிரித்தது. சாயங்காலம் வந்து வாசல் இஸ்தோப்பில் விழுந்து, "குளிருது, தேத்தண்ணி ஊத்து புள்ள" என்றான். எந்த நாளும் வேலை விட்டு வந்ததும் அவன் சொல்கிற முதல் பேச்சு அதுதான். மூத்தவள் டிலானி, நாளைக்கு நான் நிற்கிறேன் அப்பா என்று குதித்தாள். நீ நின்றால் அரைப்பேர்தான் விழும், சின்ன ஆளுக்கு எப்போதும் பாதிக் கணக்குதான் என்று அவள் மூக்கைத் திருகினான்.

அந்த மனுஷன் மண்ணுக்குள் போய்விட்டான்.

மழை கொட்டிய அந்தக் காலையில் குடும்பத்தில் நாலு பேருமே லயத்தை விட்டுப் பங்களாவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். புத்தகப் பையை லயத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், நனைந்துவிடும் என்று டிலானி அழுதாள். ஒரே ஓட்டம், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சுதாகரன் போனான். அவன் லயத்துப் படியில் கால் வைத்திருப்பான் என்று இவள் நினைத்த நேரம், மலை இறங்கிய சத்தம் கேட்டது. செத்த மற்றவர்கள் எல்லாரையும் தோண்டி எடுத்தார்கள். அவன் மட்டும் கிடைக்கவில்லை. ரெண்டொரு நாள் அவனுடைய போன் மண்ணுக்கடியில் அடித்துக்கொண்டிருந்தது. சுதர்ஷினி நம்பரைப் போட்டுவிட்டுச் சேற்றில் காதை வைத்துப் படுத்துக் கிடப்பாள். பிறகு அதுவும் நின்றுபோனது. ஆமிக்காரர்கள் நாடா கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த சனம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பங்களா வேலைக்காரி என்பதால் அவளுக்குக் குசினிக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த மீனம்மா வந்து, தாலியைக் கழற்றிவிட்டுக் காரியத்தைச் செய்துவிடு, ஆத்துமா அலையும் என்றாள். இவள் தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள்.

டிலானி பேசுவதை விட்டுவிட்டாள். தூக்கத்தில் மட்டும், பை வேணாம்ப்பா, பை வேணாம் என்று முனகினாள்.

சுதர்ஷினிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கதவில் வந்து நின்று, குளிருது, தேத்தண்ணி ஊத்து புள்ள என்று அவன் கேட்க வேண்டும். அதற்கு எதை வேண்டுமானாலும் கொடுப்பாள். இப்படி நினைக்கிறவர்கள் எதை என்று யோசிப்பதில்லை.

கொம்பு ஈரமாக இருப்பதை அப்புவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு அலுமாரியைப் பூட்டினார்.

"இனி அதத் தொடாத தாயி. அது ஆள் தேடுது."

"அத ஊதுனா அவரு வருவாரா அப்பு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரு மட்டும்னு கொம்புக்குத் தெரியாது" என்றார்.

வர மாட்டார் என்று அவர் சொல்லவில்லை. சுதர்ஷினி அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பு பூசைக்குப் போனார். பாதை உடைந்து பஸ் ஓடாததால் கருக்கலிலேயே நடந்தார். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றிக் குசினி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மனுஷனுக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவருடைய டோர்ச் வெளிச்சம் வளைவில் மறைகிற வரைக்கும் ஜன்னலில் நின்றாள். பிறகு கொம்பை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு புல்தரைக்கு இறங்கினாள்.

பனி புல்தரை விளிம்புவரை வந்து நின்றிருந்தது. கீழே பெரட்டுக் களம் தெரியவில்லை, அதற்கும் கீழே தேயிலை தெரியவில்லை, சவுக்கு மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும் எங்கோ ஓடையின் இரைச்சலும் மட்டும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தன. வெள்ளிப் பூணில் உதட்டை வைத்தாள். சில்லென்று இருக்கும் என்று நினைத்தவளுக்கு அது வெதுவெதுப்பாக, இன்னொரு வாய் மாதிரிப் பட்டது. முதலில் வெறும் காற்று போனது. இன்னும் அடிவயிற்றிலிருந்து ஊதினாள். கொம்பு சூடேறி முடி கருகிய வாடை மூக்கில் ஏறியது, கையில் ஓர் அதிர்வு கிளம்பியது, பிறகு சத்தம் வந்தது. கன்றைப் பறிகொடுத்த எருமை தொழுவத்தில் நின்று கத்துகிற மாதிரியான சத்தம். அது மலைக்கு மலை போய் மோதித் திரும்பி வந்தபோது அவள் கொம்பை இறக்கிப் புல்லில் வைத்திருந்தாள்.

ஓடை நின்றுவிட்டது. மரத்துச் சொட்டும் நின்றுவிட்டது.

அப்புறம், ஈரப் படங்கு ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். தேயிலைக்குள்ளிருந்து. மேல் மலையிலிருந்து, சரிந்த மண்பக்கத்திலிருந்து, ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து. வெறுங்கால்கள் சேற்றில் இறங்கி ஏறும் சத்தம். எத்தனையோ கால்கள். பேச்சு இல்லை, இருமல் இல்லை. மனிதர் கூடி நடந்தால் கேட்கிற மூச்சுகூட இல்லை.

அவள் களத்துக்கு இறங்கினாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பனிக்குள் வரிசை நின்றது. தலையில் கறுப்புக் கம்பளி, சாக்கு, கொங்காணித் துணி. அந்தக் காலத்து ஆட்களும் இந்தக் காலத்து ஆட்களும் தோளோடு தோள் நின்றார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல் மட்டும் தெரிந்தது. அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கடைசியில், அன்றைக்குப் போட்டிருந்த அதே நீல ஜேர்சியில், தோளில் டிலானியின் புத்தகப் பையோடு சுதாகரன்.

"என்னங்க" என்றாள். கையைப் பிடித்தாள். மண்ணுக்குள் ஊன்றிய தேயிலைத் தூரைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அவன் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். வாங்க வீட்டுக்கு, வாங்க, பிள்ளைகள் தேடுகிறார்கள் என்று கெஞ்சினாள். காலில் விழுந்தாள். இழுத்தாள். அழுதாள். எவ்வளவு நேரமோ.

சட்டென்று அந்தக் கை இளகியது.

அவன் ஓர் அடி வரிசையை விட்டு வெளியே வந்தான். இன்னோர் அடி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கையை விடாமல், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் குசினியில் அடுப்போரம் உட்கார வைத்தாள். விறகைத் தள்ளிக் கேத்தலை வைத்தாள். தேத்தண்ணி ஊற்றப் பழகிய நாளிலிருந்து அவள் இவ்வளவு நன்றாக ஊற்றியதில்லை.

கோப்பையை இடது கையால் வாங்கினான். அந்தக் கை சூடாக இருந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மற்றக் கையையும் எடுத்தாள்.

அது மண்.

மண் ஒட்டிய கை என்றுதான் முதலில் நினைத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உள்ளேயும் மண்ணாகவே இருந்தது. விரல்கள் பிரியவில்லை. வேர் மாதிரி ஒன்றாகிவிட்டிருந்தன. முகத்தைப் பார்த்தாள். இடது கண் இமைத்தது, இவளை அடையாளம் கண்டது, கலங்கியது. வலது கண் திறந்தபடியே கிடந்தது. அவன் குடித்த தேத்தண்ணி வலது கடைவாயால் செம்மண் கரைசலாக வழிந்தது. பேச வாயெடுத்தான்.

"தே..." என்றான். "தே..."

அதற்குமேல் வரவில்லை. பாதிதான் வந்திருந்தது.

பாதி.

அவள் கதவோரம் இருந்த ஆணியைப் பார்த்தாள். அவளுடைய படங்கு தொங்கும் ஆணி. வெறும் ஆணி. பிள்ளைகள் படுத்திருந்த பாயைப் பார்த்தாள். சின்னவள் யதுஷா மட்டும் சுருண்டு கிடந்தாள்.

களத்துக்கு ஓடினாள். வரிசை போய்விட்டது. ஆள்கள் மலைக்குப் போய்விட்டார்கள். சேற்றில் ஒரு தடமும் இல்லை, ஓர் இடத்தைத் தவிர. சுதாகரன் நின்ற அதே இடத்தில் சின்ன இரண்டு பாதம். பக்கத்தில் நீளப் படங்கின் நுனி இழுபட்ட கோடு.

அந்த நாள் முழுக்க அவள் தேயிலைக்குள் ஓடினாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. பனி விலகவே இல்லை. மேலே எங்கோ, பல கைகள் கொழுந்து ஒடிக்கிற சத்தம் கேட்கும். ஏறிப் போனால் இன்னும் மேலே கேட்கும். ஒருமுறை டிலானியின் இருமல் கேட்டது. சளி பிடித்த நாளில் அவளுக்கு வருகிற, கடைசியில் விசில் அடிக்கிற அதே இருமல். அந்தப் பக்கம் பாய்ந்தாள். தேயிலையில் கை, கால், முகம் கிழிந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம்தான் அவள் அடித்த போன் அப்புவுக்குக் கிடைத்தது. பாதை மறுபடி இடிந்துவிட்டதாம், கோயிலிலேயே தங்கிவிட்டாராம். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"யாரு நின்னா?" என்று மட்டும் கடைசியில் கேட்டார்.

"டிலானி. அவுக அப்பாவுக்குப் பதிலா."

"ஐயோ தாயி" என்றார், "சின்னப் புள்ளைக்கு அரைப்பேருதானே." பிறகு அவசர அவசரமாக, காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எப்படியாவது வந்துவிடுகிறேன், கொம்பைத் தொடாதே, அந்த மனுஷனைச் சின்னவள் பக்கத்தில் விடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் செத்தது.

அவள் குசினிக்குத் திரும்பியபோது யதுஷா அப்பாவின் இடது மடியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பா வந்தால் போதும். அவனுடைய இடது கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. மெதுவாக. ஆசையாக. அதைப் பார்த்துச் சுதர்ஷினிக்கு நெஞ்சு வெடித்தது, ஏனென்றால் அது அவனேதான்.

"அப்பாக்கு அந்தப் பக்கம் குளிருதாம்மா" என்றாள் யதுஷா. "அக்கா தனியா நிக்கிறாளாம்."

சுதாகரன் வாய் அசையவே இல்லை.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுற்றுலாக்காரர் படுக்கும் பெரிய அறைக்குள் வைத்துப் பூட்டினாள். தேக்குக் கதவு, பித்தளைப் பூட்டு. பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடந்தவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பு வருகிறவரை காத்திருக்க முடியாது. இன்னொரு நாள் மலைக்குப் போனால் டிலானி தாங்க மாட்டாள். விடிந்ததும் ஊத வேண்டும். வரிசை வரும், டிலானி வருவாள், அவளுக்குப் பதில் தாய் நிற்க வேண்டும். முழு ஆள். முழுப் பேர். பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். நமக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். இது தெரிந்த வழக்கம், தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பு சொன்ன இன்னொன்று அவள் நினைவுக்கு வரவே இல்லை.

வெளுக்கத் தொடங்கியதும் எழுந்தாள். யதுஷா தூங்கிக்கொண்டிருந்தாள். கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். படங்கு இல்லை, ஜன்னல் திரையைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். குசினியை எட்டிப் பார்த்தாள். அவன் அடுப்போரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் காலியான கோதுமை மாச் சாக்கு ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் நினைக்கவில்லை.

ஊதினாள். ஒரே மூச்சில் சத்தம் வந்தது. கொம்பு அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

வந்தார்கள். உரசல். சேறு. வரிசை.

டிலானி கடைசியில் நின்றாள். படங்கை மடித்து மடித்துக் கட்டியும் அது தரையில் கிடந்தது. ஒரே நாள்தான். ஆனால் அவள் விரல்கள் கொழுந்துக் கறையேறிக் கறுத்து, வெடித்து, காலம் பூரா மலையில் கிடந்த கிழவியின் விரல்களாகிவிட்டிருந்தன.

சுதர்ஷினி கொம்பைப் புல்லில் வீசிவிட்டு ஓடினாள். "நீ போடி தங்கம், அம்மா நிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வரிசையில் நுழைந்தாள். நுழைந்தவள் எதிரில் நின்றாள். மறுபடி நுழைந்தாள். மறுபடி எதிரில். யாரும் நகர்ந்த மாதிரி இல்லை. அவள் எங்கே போய் நின்றாலும் வரிசை அவளுக்கு முன்னால் இருந்தது. எல்லாத் தலைகளும் அவளையே பார்த்தன. வேலை சொல்வாள் என்று காத்திருப்பதுபோல.

அப்போது நினைவு வந்தது. ஊதுகிறவனுக்கு வரிசையில் இடம் கிடையாது.

பின்னால், மேலே, பங்களாவில் தேக்குக் கதவு பிளந்தது.

அவன் வந்தான். ஒரு காலால் நடந்து, மறு காலை இழுத்து. இடது கையில் யதுஷா. பிள்ளை அழவில்லை. அப்பா தோளில் சாய்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி வந்தாள். பிள்ளை இடுப்பில் மாச் சாக்கு. இரண்டு மடிப்பு மடித்து, தடுக்கி விழாத அளவுக்குத் தூக்கி, முடிச்சை முதுகுப் பக்கம் போட்டிருந்தான். நல்ல தகப்பன் கட்டுகிற கட்டு.

டிலானிக்குப் பக்கத்தில் அவளை இறக்கிவிட்டான்.

சுதர்ஷினி ஓடினாள். ஓட ஓட வரிசை அதே தூரத்தில் இருந்தது. யது, வந்துரு என்று கத்த வாயைத் திறந்தாள். வந்தது கொம்பின் சத்தம். கொம்பு புல்லில் கிடந்தது. சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது, மலைக்கு மலை மோதியது. அதைக் கேட்டதும் யதுஷா காலைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றாள்.

சுதர்ஷினி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. இடது கை. மற்றத் தோளிலும் ஒரு கை விழுந்தது. அதுவும் சூடாக இருந்தது. ஐந்து விரலும் பிரிந்து, நகமும் சதையுமாக, அவளை அழுத்திப் பிடித்து அவன் பக்கம் திருப்பின. இரண்டு கண்ணும் அவளைப் பார்த்தன. முழு முகமும் சிரித்தது.

"குளிருது" என்றான் சுதாகரன். "தேத்தண்ணி ஊத்து புள்ள."

அவன் தோளுக்கு மேலாக அவளுக்கு வரிசை தெரிந்தது. கடைசியில் அக்காவும் தங்கையும். நர்சரியில் பேர் கூப்பிட்டால் செய்கிற மாதிரி சின்னவள் வலது கையைத் தூக்கினாள். அம்மா பார்க்கிறாள் என்று சிரித்தாள். பிறகு பனி முகத்தை மூடியது. கை மட்டும் தெரிந்தது. அது இறங்கவே இல்லை.